ஈயமும் வைக்கோலும்: அன்செல்ம் கீஃபரின் ஓவியங்களைத் தேடி

மிலான், வியாழன்

மிலான் நகரின் வடக்கே, ஒரு காலத்தில் ரயில் எஞ்சின்களும் கனரக இயந்திரங்களும் செய்த ஆலைகள் நிறைந்திருந்த பிகோக்கா பகுதியில், பழைய தொழிற்கூடம் ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். பிரெல்லி ஹங்கார்பிகோக்கா என்பது அதன் பெயர். நுழைவுக் கட்டணம் கிடையாது. வியாழன் முதல் ஞாயிறு வரை மட்டுமே திறந்திருக்கும் என்பதால் பயணத்தை இன்று இங்கே தொடங்கும்படி அமைத்துக்கொண்டேன். ஜெர்மானிய ஓவியர் அன்செல்ம் கீஃபரின் 'ஏழு விண்ணக அரண்மனைகள்' 2004 முதல் இங்கே நிரந்தரமாக நிற்கின்றன.

கீஃபரை நான் இதுவரை அச்சுப் புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறேன். பழுப்பும் சாம்பலும் கலந்த தட்டையான படங்களாகவே அவை அங்கே தெரிந்தன. இலக்கியத்திலிருந்து ஓவியம் செய்பவர் என்று அவரை எல்லோரும் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழிக் கவிஞர்களான பால் செலான், இங்கெபோர்க் பாக்மன் ஆகியோரின் வரிகளை அவர் ஓவியத் திரையிலேயே கையால் எழுதிவிடுகிறார் என்பதையும் அறிவேன். ஆனால், கவிதையை வாசித்த ஓர் ஓவியர் அதைக் கொண்டு உண்மையில் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு அச்சுப்படங்களிலிருந்து எனக்கு விடை கிடைக்கவில்லை. இந்தப் பயணம் அதற்காகத்தான்.

கூடத்தின் இருட்டுக்குக் கண் பழகச் சிறிது நேரம் பிடித்தது. அதன் பின்னரே ஏழு கோபுரங்களும் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. 14 முதல் 18 மீட்டர் வரை உயரம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 டன் எடை. கப்பலில் சரக்கேற்றும் கன்டெய்னர்களை அச்சாக வைத்து வார்த்த கான்கிரீட் அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். அடுக்குகள் நேராக நிற்கவில்லை, சாய்ந்து நிற்கின்றன. இறைவனின் அரியணையை நோக்கி ஏழு அரண்மனைகளின் வழியே ஏறிச்செல்லும் ஆன்மாவைப் பற்றிப் பேசும் 'செஃபர் ஹெகலோத்' என்ற பழைய எபிரேய நூலிலிருந்து இந்தக் கோபுரங்களுக்குப் பெயர் வந்தது. நூலின் பெயரை எடுத்துக்கொண்டதோடு கீஃபர் நிறுத்தவில்லை. அருகில் போய்ப் பார்த்தால், கான்கிரீட் அடுக்குகளுக்கு இடையே ஆப்பாகச் செருகப்பட்டவற்றில் பல ஈயத்தால் செய்த புத்தகங்கள் என்பது தெரிகிறது. டன் கணக்கில் எடையுள்ள மேல் அடுக்கு, திறக்க முடியாத ஒரு புத்தகத்தின் மீது சாய்ந்து நிற்கிறது.

ஈயம் அவருக்குப் பிடித்தமான பொருள். 1980களில் கொலோன் பேராலயத்தின் கூரையைப் புதுப்பித்தபோது கழற்றிய பழைய ஈயத் தகடுகளை அவர் விலைக்கு வாங்கினார். ஈயம் கனமானது, ஆனால் கையால் வளைத்துவிடலாம். ரசவாதிகள் பொன்னாக மாற்ற முயன்ற மட்டமான உலோகமும் அதுதான். புத்தகத்தை ஈயத்தால் செய்யும்போது, வாசிப்பது எளிய செயல் என்ற நம் நினைப்பு போய்விடுகிறது.

கோபுரங்களைச் சுற்றி 2015இல் ஐந்து பெரிய ஓவியங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டின் தலைப்பு, பிரெஞ்சு நாடகாசிரியர் கொர்னெய் 1637இல் எழுதிய 'லெ சித்' நாடகத்தின் வரி: விண்மீன்களிலிருந்து பொழியும் அந்த இருண்ட வெளிச்சம். இரவில் கடல்வழியே வந்த பகைவரைக் கண்டதைப் பற்றி நாயகன் சொல்லும் இடம் அது. கீஃபரின் ஓவியத்தில் கப்பலும் இல்லை, போர்வீரரும் இல்லை. வெடித்துக் காய்ந்த பாலைநிலம், அதன் மீது வெளிறிய வானிலிருந்து விழும் கறுப்புப் புள்ளிகள். அவை உண்மையான சூரியகாந்தி விதைகள். விண்மீனைக் கறுப்பாகத் தீட்டினால் அது வெறும் கற்பனை விளையாட்டாகப் போயிருக்கும். மண்ணில் போட்டால் முளைக்கும் ஒரு பொருளை விண்மீனின் இடத்தில் ஒட்டியபோது, 'இருண்ட வெளிச்சம்' என்ற முரண் கண்முன் ஒரு பொருளாக நின்றது. இன்று எனக்குக் கிடைத்த முதல் தடயம் இது.

அவிஞ்ஞோன், வெள்ளி

பகல் முழுவதும் ரயிலில் கழிந்தது. எல்லை ஊரான வென்டிமில்யாவில் வண்டி மாறி, நீஸ், மார்சேய் வழியாகக் கடலை ஒட்டியே வந்து, மாலையில் தென் பிரான்சின் அவிஞ்ஞோனை அடைந்தேன். வழியில் படித்துக் குறித்துக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கீஃபர் 1945 மார்ச் 8 அன்று, இரண்டாம் உலகப் போர் முடிய இரண்டு மாதங்கள் இருந்தபோது, தென்மேற்கு ஜெர்மனியின் டோனாவ்எஷிங்கனில் பிறந்தார். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கற்களே அவருடைய குழந்தைப் பருவ விளையாட்டுப் பொருள்கள். 1963இல், பள்ளி மாணவராக, பயண உதவித்தொகை பெற்று, வான்கோ வாழ்ந்த ஊர்களைப் பின்தொடர்ந்து நெதர்லாந்திலிருந்து ஆர்ல் வரை வந்தார். இங்கிருந்து ஆர்ல் மிக அருகில்தான். பின்னர் சட்டமும் மொழிகளும் படிக்கத் தொடங்கி, அதை விட்டு ஓவியத்துக்கு வந்தார். 1969இல் தம் தந்தையின் ராணுவ உடையை அணிந்துகொண்டு ஐரோப்பாவின் பல இடங்களில் நாஜி வணக்கம் வைத்து நின்று தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டார். ஜெர்மனியில் அந்தக் கைத்தூக்கல் சட்டப்படி குற்றம். பலர் கொதித்தனர். வீடுகளிலும் வகுப்பறைகளிலும் யாரும் பேசாமல் மூடி வைத்திருந்ததை அவர் தம் உடம்பிலேயே போட்டுக் காட்டினார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அதன் பிறகுதான் செலான் வருகிறார். 1920இல், அன்று ருமேனியாவில் இருந்த செர்னோவிட்சில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல் நாடுகடத்தப்பட்ட அவருடைய பெற்றோர் இருவரும் நாஜிகளின் முகாமில் இறந்தனர்; தாயைச் சுட்டுக் கொன்றார்கள். தம் தாயின் மொழியும் தாயைக் கொன்றவர்களின் மொழியும் ஒன்றாகவே இருந்த நிலையில், அந்த மொழியிலேயே அவர் தொடர்ந்து எழுதினார். போரின் இறுதிக் கட்டத்தில் அவர் எழுதிய 'மரண ஃபியூக்' (ஃபியூக் என்பது ஒரே மெட்டு வெவ்வேறு குரல்களில் திரும்பத் திரும்ப வரும் இசை வடிவம்) என்ற கவிதை 1947இல் முதலில் ருமேனிய மொழிபெயர்ப்பாகத்தான் அச்சேறியது. முகாமில் இருப்பவர்கள் காற்றில் குழி தோண்டுகிறார்கள், விடியலின் கறுத்த பாலைக் காலையும் மாலையும் குடிக்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஒருவன் பாம்புகளோடு விளையாடுகிறான், பொழுது சாயும்போது ஜெர்மனிக்குக் கடிதம் எழுதுகிறான். அவன் எழுதுவது மார்கரேத்தின் பொன்முடியைப் பற்றி. அதனருகிலேயே சூலமித்தின் சாம்பல் முடி. கவிதை இந்த இரண்டு பெயர்களோடு முடிகிறது. முதல் பெயர் ஜெர்மன் கவிஞர் கெதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்து நாயகியுடையது. இரண்டாமவளைத் தமிழ் விவிலியம் அறிந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்; 'திரும்பிவா, திரும்பிவா, சூலமித்தியே' என்று உன்னதப்பாட்டு அழைப்பது அவளைத்தான்.

கீஃபர் 1981இல் 'மார்கரேத்' ஓவியத்தைச் செய்தபோது பெண் உருவம் எதையும் வரையவில்லை. திரையில் வைக்கோலை ஒட்டினார். பொன்முடி வைக்கோலாயிற்று. வைக்கோல் தாள்களின் நுனியில் மெழுகுவத்தியின் சுடர்போலச் சிறு தீநாக்குகள். பக்கத்திலேயே எரிவதற்கு வைக்கோல் இருக்கிறது, எரிந்தால் மிஞ்சுவது சாம்பல். மார்கரேத்தின் முடி எரிந்தால் சூலமித்தின் முடி. கவிதை இரண்டு பெயர்களையும் அருகருகே நிறுத்திய இடத்தில், ஓவியர் ஒரு பொருளின் இயல்பிலேயே இரண்டையும் கட்டிவிட்டார். 1983இல் செய்த 'சூலமித்' இன்னும் கடுமையானது. ஜெர்மானியப் போர்வீரர்களுக்காக நாஜி காலத்தில் வில்ஹெல்ம் க்ரைஸ் வடிவமைத்த நினைவுமண்டபத்தை அப்படியே எடுத்து, செங்கல் வளைவுகள் புகையேறிக் கறுத்த சூளைபோல ஆக்கி, மண்டபத்தின் கடைசியில் ஏழு சிறு சுடர்களை வைத்தார். கொன்றவர்களைப் போற்றுவதற்காக வரைந்த மண்டபம் கொல்லப்பட்டவளின் நினைவிடமாக மாறிவிட்டது. அது இருப்பது சான்பிரான்சிஸ்கோவின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்; இந்தப் பயணத்தில் பார்க்க முடியாது.

பார்ஜாக், சனி

அவிஞ்ஞோனிலிருந்து வாடகைக் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். செப்டம்பர் மாதம் என்பதால் திராட்சைத் தோட்டங்களில் அறுவடை நடக்கிறது. வழியில் ஒரு வயலில் சூரியகாந்திகள் கறுத்துத் தலை கவிழ்ந்து நின்றன.

கீஃபர் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியை விட்டு வந்து குடியேறிய இடம் பார்ஜாக் ஊரின் ஓரத்தில் உள்ள லா ரிபோத். அது பட்டு ஆலையாக இருந்த இடம். இந்த வட்டாரம் முழுவதுமே ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்ப்பால் வாழ்ந்தது. 40 ஹெக்டேர் நிலத்தில் அவர் கூடங்கள், கண்ணாடி வீடுகள், சுரங்கப் பாதைகள், கோபுரங்கள் என்று எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுமானங்களை எழுப்பினார். பின்னர் பாரிசுக்கு அருகே க்ருவாசி-போபூரில் உள்ள பெரும் கிடங்குக்குத் தம் பணியிடத்தை மாற்றிக்கொண்டார். 2022 முதல் லா ரிபோத்தை அறக்கட்டளை ஒன்று பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுக்களாக, வழிகாட்டியுடன் மட்டுமே அழைத்துச் செல்கிறார்கள்.

நாங்கள் நடந்த வழி ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குத் தரைக்கு மேலேயும் கீழேயும் மாறி மாறிச் சென்றது. மிலானில் கூரைக்குள் பார்த்த கோபுரங்களின் உறவினர்கள் இங்கே மலைச்சரிவில், வெயிலிலும் மழையிலும் நிற்கிறார்கள். சில இடங்களில் கான்கிரீட்டுக்குள்ளிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றை யாரும் பழுதுபார்க்கவில்லை, பழுதுபார்க்கும் எண்ணமும் இல்லை. சிதைவும் வேலையின் ஒரு பகுதி என்பதைக் கீஃபர் எப்போதும் சொல்லிவந்திருக்கிறார்.

நான் அதிக நேரம் நின்றது 'புரட்சியின் பெண்கள்' இருக்கும் கூடத்தில். வரலாற்றாசிரியர் மிஷ்லே 1854இல் பிரெஞ்சுப் புரட்சியின் பெண்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து பிறந்த படைப்பு இது. ஈயத் தகடுகளால் மூடிய கட்டில்கள் வரிசையாகக் கிடக்கின்றன. படுத்து எழுந்துபோன உடல் விட்டுச்சென்ற பள்ளம்போல ஒவ்வொன்றிலும் ஒரு குழிவு. மிஷ்லே அந்தப் பெண்களுக்கு முகமும் குரலும் கொடுத்து எழுதியவர். கீஃபர் முகத்தை எடுத்துவிட்டு, பெயரையும் எடையையும் மட்டும் வைத்திருக்கிறார். மருத்துவமனை வார்டில் நோயாளியை அழைத்துப்போன பிறகு கட்டில் கிடக்கும் கிடப்பு நினைவுக்கு வந்தது. வழிகாட்டியாக வந்த இளம்பெண் எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கூடத்தில் யாரும் பேசவில்லை.

நிலத்தடியில் இன்னொரு கலைஞரின் வேலையும் உண்டு. ஜெர்மானியச் சிற்பி வுல்ஃப்காங் லைப், தேன்மெழுகால் சுவர் எழுப்பிய நீண்ட பாதை ஒன்றை இங்கே அமைத்திருக்கிறார். மதுரைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பல ஆண்டுகளாகப் பணிக்கூடம் வைத்து வாழ்ந்து வருபவர் அவர். ஈயத்தின் குளிர்ச்சிக்குப் பிறகு மெழுகின் மணம் தனி ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் என் கேள்வி கீஃபரைப் பற்றியது என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

நாளின் முடிவில் தோன்றியது இதுதான். பல்லடுக்கு அரங்கமும் சுரங்கங்களும் பிரமாண்டமாக இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. சில இடங்களில் பிரமாண்டம் என்னை வெளியே தள்ளியது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கே ஒரு நூல் பின்னால் இருந்ததோ, எங்கே ஒரு பெயர் சுவரில் எழுதப்பட்டிருந்ததோ, அங்கேதான் அந்தப் பருமனுக்குப் பொருள் கிடைத்தது.

பாரிஸ், ஞாயிறு

அவிஞ்ஞோனிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் பாரிஸ் வந்து சேர்ந்தேன். இன்று பார்க்க எதுவும் திட்டமிடவில்லை.

பாரிஸ், திங்கள்

லூவ்ரில் கூட்டம் முழுவதும் மோனாலிசாவை நோக்கிப் போகிறது. எகிப்தியத் தொல்பொருள்களையும் மெசொப்பொத்தேமியத் தொல்பொருள்களையும் இணைக்கும் படிக்கட்டில் என்னையும் ஒரு காவலரையும் தவிர யாரும் இல்லை. 2007இல் கீஃபர் செய்த 'அத்தனோர்' இங்கே சுவரோடு சுவராக இருக்கிறது. 1953இல் ஓவியர் ஜார்ஜ் ப்ராக் தீட்டிய கூரை ஓவியத்துக்குப் பிறகு, உயிரோடிருக்கும் ஓர் ஓவியரிடம் லூவ்ர் நிரந்தரப் படைப்பு கேட்டது அதுவே முதல் முறை.

ரசவாதிகளின் உலையின் பெயர் அத்தனோர். ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத் திரையின் அடியில் ஒரு மனித உடல் மல்லாந்து கிடக்கிறது, மேலே விண்மீன்கள். கீழிருந்து மேலாக ஈயம், வெள்ளி, பொன் என்று நிறங்கள் ஏறுகின்றன. ஒவ்வொரு செடிக்கும் வானில் ஒரு விண்மீன் உண்டு என்று எழுதிய ஆங்கிலேயத் தத்துவவாதி ராபர்ட் ஃப்ளட்டைக் கீஃபர் விரும்பிப் படித்தவர். மிலானில் விதை விண்மீனானதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஓவியத்துக்குத் துணையாக நிற்கும் சிற்பம் ஒன்றில் ஈயப் புத்தகங்களின் குவியலிலிருந்து ஒரு சூரியகாந்தி எழுகிறது. திறக்க முடியாத புத்தகமும் முளைக்கிறது என்பதை அவர் இத்தனை வெளிப்படையாக வேறெங்கும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது சற்று அதிகமாகவே வெளிப்படையாக இருந்தது. மிலானின் ஈயப் புத்தகங்கள் கோபுரத்தைத் தாங்கியபடி பேசாமல் இருப்பதே மேல்.

பாரிஸ், செவ்வாய்

பாந்தியோன், பிரான்ஸ் தன் பெரியோர்களை அடக்கம் செய்யும் மண்டபம். 2020 நவம்பர் 11 அன்று எழுத்தாளர் மோரிஸ் ஜெனவுவாவின் உடலை இங்கே கொண்டுவந்தபோது, அந்நிகழ்வுக்காக அரசு கேட்டுக் கீஃபர் செய்த ஆறு பெரிய கண்ணாடிப் பேழைகள் மண்டபத்தில் இடம்பெற்றன. இசையமைப்பாளர் பாஸ்கல் டுசாபின் அமைத்த குரலிசை அவற்றோடு சேர்ந்து ஒலிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஜெனவுவா முதல் உலகப் போரில் துணைநிலை அதிகாரியாகச் சென்று, 1915 ஏப்ரலில் லே ஸெபார்ஜ் அருகே படுகாயமுற்று இடது கையின் இயக்கத்தை இழந்தவர். பதுங்குகுழிகளில் தம்மோடு இருந்தவர்களைப் பற்றி அவர் எழுதிய நூல்களைப் பின்னர் 'பதினான்கின் மனிதர்கள்' (அதாவது 1914இன் மனிதர்கள்) என்று ஒன்றாகத் தொகுத்தார்கள். அவரைச் சுட்டது ஜெர்மானியத் துப்பாக்கி. அவருக்கான நினைவுச் சின்னத்தைச் செய்யப் பிரான்ஸ் அழைத்ததோ, 1945இல் பிறந்த, ஜெர்மன் ராணுவ அதிகாரி ஒருவரின் மகனை. அந்த அழைப்பின் கனத்தைக் கீஃபர் உணர்ந்திருக்கிறார் என்பது பேழைகளைப் பார்த்தால் தெரிகிறது. முள்கம்பி, கோதுமைத் தாள், நைந்த உடைகள், மண். வீரத்தின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. ஜெனவுவாவின் எழுத்தும் சேற்றையும் களைப்பையும் இறந்தவனின் பெயரையும் எழுதிய எழுத்துதான். பளிங்குத் தூண்களுக்கு நடுவே, சுவர்களில் போரில் இறந்த எழுத்தாளர்களின் பெயர்கள் பொறித்திருக்க, அந்தச் சேறு கண்ணாடிக்குள் இருக்கிறது. சனிக்கிழமை பார்த்த பிரமாண்டத்தைவிட இது என்னை ஆழமாகத் தொட்டது. இங்கே ஓவியர் எழுத்தாளனுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார்.

வெளியே வந்து தெற்கே நடந்தால் சில நிமிடங்களில் ரூ துல்ம் தெரு. அங்குள்ள எகோல் நொர்மால் சுபீரியரில்தான் ஜெனவுவா போருக்கு முன் படித்தார். அதே கல்லூரியில் 1959 முதல் ஜெர்மன் மொழி கற்பித்தவர் பால் செலான். வாயிலுக்கு எதிரே நடைபாதையில் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். ஜெர்மானியரால் காயம்பட்ட பிரெஞ்சு மாணவன், ஜெர்மன் மொழியால் காயம்பட்ட ஆசிரியர், இருவரையும் தம் வேலைக்குள் எடுத்துக்கொண்ட ஜெர்மானிய ஓவியர். திட்டமிட்டு யாரும் இந்த மூவரையும் ஒரே தெருவில் சேர்க்கவில்லை. ஆனால் கீஃபரின் நூலகம் எப்படிப்பட்டது என்பதை எந்த விமர்சன நூலையும்விடத் தெளிவாக இந்தத் தெரு எனக்குச் சொன்னது.

பாரிஸ், புதன்

செலான் கடைசியாகக் குடியிருந்த எமில் ஸோலா நிழற்சாலை வீட்டிலிருந்து மிராபோ பாலம் மிக அருகில். 1970 ஏப்ரலில் அவர் சேன் ஆற்றில் இறங்கியது அந்தப் பாலத்திலிருந்துதான் என்று பெரும்பாலும் நம்புகிறார்கள். அவருடைய உடல் மே முதல் தேதி ஆற்றின் கீழ்ப்போக்கில் கிடைத்தது. காலையில் பாலத்தைக் கடந்துவிட்டு, அருகில் ஒரு காப்பிக்கடையில் அமர்ந்து, இந்த நாள்கள் முழுவதும் என்னோடு வந்த மறுப்பை எழுதிப் பார்த்தேன்.

மறுப்பு இதுதான். செலான் தம் பிற்காலக் கவிதைகளில் சொற்களைக் குறைத்துக்கொண்டே போனார். வரிகள் ஒடிந்து, சில இடங்களில் ஒற்றைச் சொல்லாக நின்றன. 'மரண ஃபியூக்' ஜெர்மன் பள்ளிகளில் பாடமாகி, குற்ற உணர்வைத் தீர்த்துக்கொள்ளும் கருவியாக மாறியதைக் கண்டு, அதைப் பொதுவில் வாசிப்பதையே தவிர்த்தார். அப்படிப்பட்டவரின் வரிகளைப் பத்து மீட்டர்த் திரைகளில் எழுதுவது நியாயமா? 2021 டிசம்பரில் பாரிசின் தற்காலிக கிராண்ட் பலேயில் கீஃபர் செலானுக்கென்றே ஒரு பெரும் கண்காட்சி வைத்தபோது, அந்தக் கூடத்தின் பருமனுக்கு எதிராக இதே கேள்வி எழுந்தது. எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது.

நான் பார்த்தவற்றைக் கொண்டு என் பதிலைச் சொல்கிறேன். கீஃபர் கவிதைக்குப் படம் போடுவதில்லை. கவிதைக்குள் இருக்கும் பொருளை, முடியை, சாம்பலை, விதையை, மண்ணை வெளியே எடுத்து, அது உண்மையில் நடந்துகொள்கிறபடியே நடந்துகொள்ள விடுகிறார். வைக்கோல் மக்குகிறது, உதிர்கிறது. ஈயம் தன் எடையால் தொய்கிறது. அவர் கையால் எழுதும் வரிகள் பள்ளிச் சிறுவனின் கூட்டெழுத்தாக, எந்த அலங்காரமும் இன்றி, திரையின் ஓரத்தில் நிற்கின்றன. திரை எவ்வளவு பெரிதானாலும் அந்தக் கையெழுத்து பெரிதாவதில்லை. செலானின் சுருக்கம் அங்கே பிழைத்திருக்கிறது என்று நம்புகிறேன். அந்தக் கையெழுத்தே இல்லாமல் பருமன் மட்டும் நிற்கும் இடங்களில், லா ரிபோத்தின் சில கூடங்களைப்போல, மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

2008இல் ஜெர்மன் புத்தகத் துறை ஆண்டுதோறும் வழங்கும் அமைதிப் பரிசைக் கீஃபருக்குக் கொடுத்தார்கள். எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் பெற்றுவந்த அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஓவியர் அவர். புத்தக வணிகர்கள் அவரைத் தம்மவராகக் கருதியதில் எனக்கு வியப்பில்லை.

இந்த வழியில் போக நினைக்கும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். லா ரிபோத் குளிர்காலத்தில் மூடியிருக்கும். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைதான் அனுமதி, முன்பதிவு கட்டாயம். பேருந்தை நம்பிப் போக முடியாது, கார் வேண்டும். தரை கரடுமுரடானது என்பதால் நல்ல காலணியும் வேண்டும். லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை. 'மரண ஃபியூக்' நீண்ட கவிதை அல்ல, எந்த மொழிபெயர்ப்பில் கிடைத்தாலும் புறப்படும் முன் ஒருமுறை உரக்கப் படித்துவிடுங்கள். நாளை காலை புறநகர் ரயிலில் தியே இடுகாட்டுக்குப் போகிறேன். செலானின் கல்லறை அங்கே இருக்கிறது.